யார் கிழித்த கோடு? : கண்ட்ரி இசையும் வகைமையின் அரசியலும்

2019 மார்ச்சில், லில் நாஸ் எக்ஸ் என்கிற கறுப்பின இளைஞரின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாடலை அமெரிக்காவின் பில்போர்ட் இதழ் தனது கண்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கியது. இன்றைய கண்ட்ரியின் கூறுகள் அதில் போதுமான அளவு இல்லையாம். குதிரை இருக்கு, பாஞ்சோ இருக்கு. அப்புறம் எதுதான் இல்லை? அதே பாட்டு பொதுப்பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது.

வகைமை என்பதை இசைக்குள்ளேயே உறைந்திருக்கும் குணமாகப் பேசிப் பழகிவிட்டோம். கண்ட்ரியின் கதை இந்தப் பழக்கத்தைக் கலைத்துப் போடுகிறது. 1920இல் மாமி ஸ்மித்தின் 'கிரேசி ப்ளூஸ்' இசைத்தட்டு விற்ற வேகத்தைப் பார்த்த ஒகே கம்பெனி, கறுப்பர்கள் வாங்குவதற்கென 'ரேஸ்' வரிசையைத் தொடங்கியது. 1923இல் அதே கம்பெனியின் ரால்ஃப் பியர், பஞ்சாலைகளில் உழைத்த ஃபிடில் கலைஞர் ஜான் கார்சனை அட்லாண்டாவில் பதிவு செய்தார். தெற்கத்தி வெள்ளையர் பாட்டுக்கு வேறு வரிசை பிறந்தது. அதற்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'ஹில்பில்லி'. மலைநாட்டு ஏழை வெள்ளையரை நக்கலடிக்கும் சொல். ஆக, முதலில் வந்தது வாங்குபவரின் தோல் நிறம். இசையின் இலக்கணத்தைப் பிறகு எழுதிக்கொண்டார்கள். 1949இல் பில்போர்ட் 'ரேஸ்' பட்டியலை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்றும், மற்றதைக் 'கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்றும் மாற்றியது. மாத்தினது பேரைத்தான், சுவரு அப்படியே நின்னுது.

அந்தச் சுவர் எதன் குறுக்கே எழுப்பப்பட்டது என்று பார்க்க வேண்டும். பாஞ்சோ, ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கருவி. கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி அலைந்தபோது, கேட்ட மெட்டுகளை மனதில் வாங்கிவந்து தந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930இல் பதிவு செய்த பாட்டு ஒன்றில் டிரம்பெட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். ஏழைகள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொண்ட இடத்தில்தான் கம்பெனி கோடு கிழித்தது.

இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் கொடுத்த விலை சாதாரணமானதல்ல. 'கிராண்ட் ஓலே ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியின் தொடக்கக்கால நட்சத்திரம் ஹார்மோனிகா கலைஞர் டீஃபோர்ட் பெய்லி. 1941இல் வெளியேற்றப்பட்டார், பிறகு நாஷ்வில்லில் ஷூ பாலீஷ் போட்டுப் பிழைத்தார். 1966இல் சார்லி பிரைடின் முதல் தட்டுகளை ஆர்சிஏ கம்பெனி அவருடைய படம் இல்லாமலேயே வானொலி நிலையங்களுக்கு அனுப்பியது. குரலுக்கு அனுமதி உண்டு, முகத்துக்கு இல்லை.

1990களில் முளைத்த 'அமெரிக்கானா', கண்ட்ரி வானொலி கைவிட்டவர்களுக்கு ஒதுங்கத் திண்ணை கொடுத்தது. 1999இல் சங்கம், 2010இல் கிராமி விருது என்று அதுவும் நிறுவனமாகிவிட்டது. திண்ணை நல்லதுதான். ஆனால் 'நீ அங்கே போ' என்று வீட்டுக்காரர் கை காட்டவும் அது வசதி.

2024இல் பியான்சே, கண்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண்ணானார். 2025 பிப்ரவரியில் 'கௌபாய் கார்ட்டர்' சிறந்த கண்ட்ரி ஆல்பத்துக்கான கிராமியை வென்றது. அதே ஆண்டு அந்த விருதை 'சமகாலம்', 'மரபு' என இரண்டாகப் பிரிப்பதாக அறிவித்தார்கள். ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'மரபு' என்ற அறையின் சாவி யார் இடுப்பில் தொங்கும் என்று கேட்காமல் இருக்க முடியாது.

இங்கே நம் தரப்புக்கும் ஒரு எச்சரிக்கை. 'பாஞ்சோ எங்களுடையது, ஆகவே கண்ட்ரியும் எங்களுடையது' என்பது வலுவான பதில்தான்; மறைக்கப்பட்ட வரலாற்றை மீட்கிறது. ஆனால் பூர்வீகத்தைக் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்கிற அதிகாரத்தின் விதியை அது தொடாமல் விட்டுவிடுகிறது. லில் நாஸ் எக்ஸிடம் கேட்ட பட்டாவை எந்த வெள்ளை இளைஞரிடம் கேட்டார்கள்?

டீஃபோர்ட் பெய்லியைக் கண்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் சேர்த்தது 2005இல். அவர் இறந்தது 1982. வகைமை தன் தவறைத் திருத்திக்கொள்ள எடுத்துக்கொண்ட அந்த 23 வருஷத்தையும் சேர்த்துத்தான் அதன் வரையறையை எழுத வேண்டும்.