மாலை சூட்டப்படாத படங்கள்

நம் இல்லத்திற்குள் நுழையும் விருந்தினர், சுவரிலுள்ள நிழற்படத்திற்கு மாலை இடப்பட்டிருக்கிறதா என்பதை முதற்பார்வையிலேயே கண்டுகொள்கிறார். மாலை இருந்தால் குரலைத் தாழ்த்தி, "எப்போது?" என்று கேட்கிறார். இல்லையெனில், "தம்பி எங்கே வேலை பார்க்கிறான்?" என்று கேட்கிறார். சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் எழுத்தறியும் முன்பே அறிந்துகொள்ளும் இலக்கணம் இது. இதனை மனத்திற்கொண்டு, வன்னி மண்ணிலிருந்து வந்த ஒருவகை நிழற்படத்தை ஆராய முற்படுகிறோம்.

ஈழப் போர் 2009 மே மாதம் முடிவுற்றது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகவும், நான்கு நாட்களுக்குப்பின் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்தனர். அப்போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அங்கே எடுக்கப்பட்டு நாளிதழ்களில் வெளிவந்த படங்கள் ஏறத்தாழ ஒரே அமைப்புடையவை. ஒரு கொட்டகை, வரிசையாக வயது முதிர்ந்த பெண்கள், ஒவ்வொருவர் மார்பின் மீதும் சட்டமிட்ட, அல்லது மழைக்குத் தாங்குமாறு நெகிழித்தாளில் பொதிந்த, ஓர் இளைய முகம்.

ஆக, ஒரே படத்தில் முகங்களின் இரண்டு வரிசைகள் உள்ளன. மேல்வரிசை மூப்படைகிறது, கீழ்வரிசை மூப்படைவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, தாயும் மகனுமாய்த் தோன்றியவர்கள் பாட்டியும் பேரனுமாய்த் தோன்றத் தொடங்குகின்றனர். மேலும், அத்தாயர் பெரும்பாலும் நம்மைப் பார்ப்பதில்லை. சிலர் சாலையைப் பார்க்கின்றனர். சிலர் தரையைப் பார்க்கின்றனர். பிள்ளைகளோ நேராக நம்மைப் பார்க்கின்றனர். "நேரே பாருங்கள்" என்று என்றோ படக்கடைக்காரர் சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படிந்த பார்வை அது. இல்லாதவர்களே நம்மோடு கண்கலக்கிறார்கள் என்பது இப்படங்களின் விந்தை.

பென்னலூர் சாலையில் பணிமுறை மாறும் வேளையில் நின்றால், இளைஞர் ஒவ்வொருவர் மார்பிலும் இதே இடத்தில், இதே போன்ற நேர்நோக்குப் படம் தொங்குவதைக் காணலாம். தொழிற்சாலை வாயிலில் காவலர் அட்டையிலுள்ள படத்தைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், உள்ளே விடுகிறார். வன்னித் தாயரிடம் படம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க முகம் இல்லை.

போரெதிர்ப்புப் படம் என்றதும் உலகம் நினைவுகூர்வது வேறொன்றை. 1967 அக்டோபர் 21 அன்று, வியட்நாம் போரை எதிர்த்துப் பென்டகன் முன் திரண்ட கூட்டத்தில் பிரான்சு நாட்டு நிழற்படக் கலைஞர் மார்க் ரிபூ எடுத்த படம் அது. இடப்பக்கம், துப்பாக்கிமுனை ஈட்டிகளோடு தலைக்கவசம் அணிந்த வீரர்களின் வரிசை. அவர்கள் முகங்கள் தெளிவின்றி மங்கியுள்ளன. வலப்பக்கம், பதினேழு வயதுப் பெண்ணொருத்தி இரு கைகளாலும் ஒரு சாமந்திப்பூவை முகத்தருகே ஏந்தி நிற்கிறாள். அழகிய படம். சற்றே அளவுக்கு மீறி அழகியது என்றும் சொல்லத் தோன்றுகிறது. இரு தரப்பும் சட்டத்திற்குள் அடங்கிவிடுவதால், காண்பவர் பக்கவாட்டில் நின்று வியந்துவிட்டுப் போகலாம். வன்னிப் படத்தில் எதிர்த்தரப்பு இல்லை. ரிபூவின் வீரர்கள் நின்ற இடத்தில் நாம் நிற்கிறோம்.

அங்கே மலர் பேசுகிறது; இங்கே மலரின்மை பேசுகிறது. முள்ளிவாய்க்காலில் மே 18 தோறும் இதே மக்கள் இறந்தோரின் படங்கள் முன் பூவிட்டுச் சுடரேற்றுகின்றனர். மாலையிடத் தெரியாதவர்கள் அல்லர். காணாமலாக்கப்பட்டோரின் படத்திற்கு இட மறுப்பவர்கள். 2020 சனவரியில், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும், விசாரணைக்குப்பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் அன்றைய குடியரசுத்தலைவர் கோத்தபய ராசபக்ச கூறினார். அரசு நீட்டிய மாலை அது. தாயர் கழுத்தை நீட்டவில்லை. எவ்வாறு இறந்தான், எவர் கையில் இறந்தான் என்று சொல்லாமல் இடப்படும் மாலை, கேள்வியை மூடும் துணியாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பக்திப் பழக்கத்தால் நாம் இத்தாயரை வியாகுல மாதாவோடு ஒப்பிட விரைகிறோம். பொருந்தவில்லை. மாதாவின் மடியில் திருவுடல் இருந்தது. கல்லறை இன்னதென்று தெரிந்திருந்தது. சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையே அருகில் வருகிறது. துணியில் பதிந்த முகத்தை விரித்துக்காட்டி நிற்கும் வெரோணிக்காவை நற்செய்தி நூல்கள் அறியா. மக்களின் மரபே அவளைக் காத்தது. அவளும் அழுது காட்டவில்லை, முகத்தைக் காட்டினாள். ஆகவே கதறும் ஒரு தாயின் கண்ணீரை மட்டும் பெரிதாக்கிக் கீழிருக்கும் படத்தை வெட்டிவிடும் இதழாசிரியர்கள், துணியை எறிந்துவிட்டு வெரோணிக்காவை மட்டும் வைத்துக்கொள்கின்றனர்.

இவ்வட்டாரத்தில் இப்படங்களைக் காட்டினால் முகம் திருப்புவோர் உண்டு. காரணம் அருகிலேயே இருக்கிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வேறு பலரும் மாண்டனர். அங்கே உயிரிழந்த இளம் நிழற்படக்காரரின் கருவியில் படச்சுருள் பிழைத்திருந்தது. அதிலுள்ள படமொன்றில், கொலையாளி சந்தன மாலையைக் கையிலேந்திக் காத்து நிற்கிறாள். அந்த மாலையைக் கண்ட ஊரார்க்கு ஈழத்திலிருந்து வரும் எப்படத்தின் மீதும் ஐயம் எழுவது இயல்பே. ஆயினும், தெருவோரத் தாய் கேட்பது தன் மகன் குற்றமற்றவன் என்ற தீர்ப்பை அன்று. படையினரிடம் கையளிக்கப்பட்டவன் எங்கே என்று கேட்கிறாள். குற்றவாளிக்குத் தண்டனை உண்டு. காணாமற்போவது எச்சட்டநூலிலும் தண்டனையாக எழுதப்படவில்லை.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 சனவரியில் இலங்கை அரசின் விசாரணை ஆணைக்குழு முன், 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று அரசின் புள்ளிவிவரங்களையே கொண்டு எடுத்துரைத்தார். விடை பெறாமலே 2021 ஏப்ரல் 1 அன்று இறையடி சேர்ந்தார். கணக்கில் வராதவர்களுள் ஒரு குருவும் உள்ளார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிசு யோசேப்பு அடிகளார், 2009 மே 18 அன்று சரணடைந்தவர்களோடு தாமும் சென்றார். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை.

திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் வாழ்வோரை நினைவுகூர ஓரிடமும், எழுந்தேற்றத்திற்குப்பின் இறந்தோரை நினைவுகூர மற்றோரிடமும் உண்டு. இரண்டுக்கும் இடையே மூன்றாம் இடம் இல்லை. அடிகளாரின் பெயரை நாம் முதலிடத்திலேயே சொல்லி வருகிறோம்.