முதலில் கவுனைப் பாருங்கள்

குழந்தையின் படம் என்றாலே நம் கண் நேராக முகத்துக்குப் போய்விடும். மேரி கசாட் வரைந்த ‘நீல உடையில் மார்கோ’வைப் பார்க்கும்போது அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். முகம் எங்கேயும் ஓடிவிடாது. முதலில் கவுனைப் பாருங்கள்.

1902இல் பேஸ்டலில் வரைந்த படம் இது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கவுன் என்று முழுதாக எதுவும் அங்கே இல்லை. நீலக் குச்சியைக் கை போன வேகத்தில் இழுத்த கோடுகள்தான். துணியை விவரமாகக் காட்ட அவர் மெனக்கெடவில்லை. அப்படியே கண்ணை மேலே நகர்த்துங்கள். முகத்தை நெருங்க நெருங்கக் கோடுகள் சிறுத்து, ஒன்றோடொன்று இழைந்து, தோலாகிவிடுகின்றன. ஒரே தாள், ஒரே கை, இரண்டு வேகம். எந்த இடத்தில் வேகம் மாறுகிறது என்று தேடிப் பாருங்கள். படத்தின் சுவையே அங்கேதான்.

பேஸ்டல் என்பது நிறப்பொடியில் மிகக் கொஞ்சம் பசை சேர்த்து உருட்டிக் காயவைத்த குச்சி. (பள்ளிப் பிள்ளைகளின் பையில் இருக்கும் ஆயில் பேஸ்டல் வேறு; அதில் எண்ணெயும் மெழுகும் உண்டு.) சொரசொரப்பான தாளில் தேய்த்தால் மேடுகளில் பொடி ஒட்டும், பள்ளங்களில் தாளின் நிறம் எட்டிப்பார்க்கும். காயட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தட்டில் வண்ணம் குழைக்க வேண்டாம். ஒரு நிமிடம் அசையாமல் உட்காராத பிள்ளையை வரைய இதைவிடத் தோதான பொருள் இல்லை.

கசாட் 1844இல் பென்சில்வேனியாவில் பிறந்து, பாரிஸில் குடியேறியவர். எட்கர் தெகாவின் பேஸ்டல்களை ஒரு கடை ஜன்னலில் பார்த்து மயங்கியவர். 1877இல் அதே தெகா அழைத்துத்தான் இம்ப்ரஷனிஸ்ட் குழுவோடு சேர்ந்தார். தோலில் நிழல் விழும் இடத்தில் பச்சையும் நீலமும் தீட்டத் தயங்காத கூட்டம் அது. கசாட்டின் குழந்தைகளிடமும் அந்தக் கீற்றுகளைத் தேடுங்கள். கிட்டே போனால் வெறும் கோடு; நாலடி பின்வாங்கினால் கன்னம்.

‘தாய்மையின் ஓவியர்’ என்று அவருக்கு ஒரு பட்டம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய பிள்ளைகள் கொஞ்சச் சொல்லி நம்மைப் பார்ப்பதில்லை. சலித்துப்போய், தூக்கக் கலக்கத்தோடு, தங்கள் நினைப்பில் இருப்பார்கள். மார்கோ, பாரிஸுக்கு வடமேற்கே கசாட் வாங்கிய மாளிகைக்குப் பக்கத்து ஊர்ச் சிறுமி. பல படங்களுக்கு உட்கார்ந்தவள். காசு கொடுத்து வரையச் சொன்ன பெற்றோர் யாரும் இல்லாததால், அவளை அழகாகச் சிரிக்க வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

வெளிச்சமும் அதிர்வும் பேஸ்டலுக்கு ஆகாது. அதனால் அருங்காட்சியகங்கள் இவற்றை எப்போதும் மாட்டி வைப்பதில்லை. பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது இணையதளப் படம்தான். அதில் ஒரு வசதி, காவலர் அதட்டாமல் மூக்கு உரச உரசப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

தேடும்போது கசாட்டின் ஒரே படம் இடவலம் மாறி, வெளிறிப்போய்க் கண்ணில் பட்டால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பேஸ்டலின் மேல் ஈரத்தாளை வைத்து அச்சு இயந்திரத்தில் அழுத்தினால், மேல்பொடி கொஞ்சம் பெயர்ந்து அந்தத் தாளில் ஒட்டும். அவர் படங்கள் பலவற்றுக்கு அப்படி நகல்கள் உண்டு. கோட்டின் கூர்மை போன அந்த நகல்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் மூலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குச்சி எங்கெங்கே எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பது சட்டென்று பிடிபடும்.