இடம், மக்கள், உடைமை: சிங்கப்பூர் இந்தியர் பொருளாதார மேம்பாடு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

'சமூகம்சார் பொருளாதார மேம்பாடு' என்னும் தொடர் இன்று நம் ஆய்வரங்குகளிலும் பொது மேடைகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. அமெரிக்காவில் 1960களில் வேரூன்றிய இக்கருத்தாக்கம் சிங்கப்பூர் இந்தியர் வாழ்வியலுக்கு எவ்வளவு பொருந்தும் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. லிட்டில் இந்தியாவை மையமாகக் கொண்டு அவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

ஒப்பீட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு

கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரிலுள்ள புரூட்வேல், லத்தீன் அமெரிக்க வழியினராகிய லத்தீனோ மக்கள் செறிந்து வாழும் வட்டாரம். குறைந்த வருமானக் குடும்பங்கள் அங்கு மிகுதி. 1991இல் அங்குள்ள ரயில் நிலையத்தையொட்டிப் பல மாடி வாகன நிறுத்துமிடம் எழுப்பும் திட்டம் வந்தபோது, வட்டார மக்கள் அதனை எதிர்த்தனர். 1964இல் தோன்றிய யூனிட்டி கவுன்சில் என்னும் அமைப்பு மாற்றுத் திட்டமொன்றை முன்னெடுத்தது. அதன் விளைவாக, வீடுகளும் கடைகளும் நூலகமும் மருத்துவ நிலையமும் ஒருங்கே அமைந்த வளாகம் 2004இல் திறக்கப்பட்டது.

இம்முயற்சியில் மூன்று கூறுகள் ஒன்றுகூடியிருந்தன: வரையறுக்கப்பட்ட இடம், அவ்விடத்திலேயே வாழும் மக்கள், அவ்விடத்தின் உடைமையிலும் முடிவுகளிலும் அவர்களுக்கிருந்த பங்கு. சிங்கப்பூரில் இம்மூன்றும் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1989: இரு கொள்கைகள்

1989ஆம் ஆண்டு இவ்வகையில் நோக்கத்தக்கது. அவ்வாண்டு மார்ச்சில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. இந்தியரும் பிற இனத்தவரும் இணைந்த பிரிவினருக்குப் பேட்டையளவில் 10 விழுக்காடு, புளோக் அளவில் 13 விழுக்காடு என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2010இல் இவை முறையே 12, 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டன. அதே 1989 ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ஒரே ஆண்டில் ஒரு கொள்கை மக்களைப் பரவலாக்கியது; மற்றொன்று இடத்தைப் பேணியது.

இனங்கள் தனித்தனிக் குடியிருப்புகளாகத் திரள்வதைத் தடுத்தல் என்னும் முதற்கொள்கையின் நோக்கத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. 1964ஆம் ஆண்டுக் கலவரங்களைக் கண்ட நாடு இது. எனினும் அதன் பொருளாதார விளைவையும் கணக்கில் கொள்ள வேண்டும். குறைந்த வருமான இந்தியக் குடும்பங்கள் தம் வட்டாரம் என்று சுட்டி, ஒன்றுகூடித் திட்டமிடத்தக்க இடம் ஏதும் இல்லாமற்போயிற்று.

பேணப்பட்ட இடத்தின் நிலையும் சிக்கலானதே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டது. பாதுகாப்பு விதிகள் கட்டட முகப்பையும் ஐந்தடி நடைபாதையையும் காக்கின்றன. சில வணிக வகைகளைக் கட்டுப்படுத்தவும் செய்கின்றன. ஆயின் பூமாலை தொடுப்பவரோ மசாலை அரைப்பவரோ அடுத்த குத்தகைக் காலத்திலும் அங்கிருப்பார் என்பதற்கு அவை உறுதி தருவதில்லை.

சிண்டாவும் அதன் எல்லையும்

இந்திய மாணவரின் கல்வி அடைவு குறித்த கவலையின் விளைவாக 1991இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் (சிண்டா) தோன்றியது. இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதிக் கழகத்தின்வழி மாதந்தோறும் அதற்கு நிதி சேர்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வீதப்படி, வருமானத்திற்கேற்ப இத்தொகை 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை அமையும். சிறுதுளி பெருவெள்ளமாகும் இவ்வேற்பாடு பாராட்டுக்குரியது. துணைப்பாட வகுப்புகளாலும் குடும்ப நலச் சேவைகளாலும் பயன்பெற்றோர் பலர்.

ஆயினும் இது குடும்பத்தை அலகாகக் கொண்ட மேம்பாடு. கடையோ நிலமோ கடனுதவிக் கூட்டுறவோ அதன் மையப் பணியன்று. சிண்டாவின் அலுவலகம் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பீட்டி சாலையில் இருப்பினும், அது சேவையாற்றும் குடும்பங்கள் தீவெங்கும் பரந்துள்ளன. மேம்பட்ட மாணவர் உயர்கிறார். அவர் உயர்வினால் ஒரு தெருவும் உயர்வதில்லை. இது சிண்டாவின் குறையன்று. அது இயங்கும் அமைப்பின் எல்லை.

இடத்தை நிறைப்போர்

ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவை நிறைப்பவர்கள் தமிழகம், வங்காளதேசம் முதலிய இடங்களிலிருந்து வந்த வேலை அனுமதித் தொழிலாளர்கள். அவர்கள் செலவிடும் வெள்ளியே பல கடைகளின் உயிர்நாடி. 2020இல் பெருந்தொற்றின்போது தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டபோது அவ்வுண்மை கண்கூடாயிற்று. எனினும் குடிமக்கள், நிரந்தரவாசிகள், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் உடையோர் ஆகியோரைக் கொண்ட சிண்டா நிதியின் வரையறைக்குள் அவர்கள் வருவதில்லை. 2013 டிசம்பர் 8ஆம் நாள் ரேஸ் கோர்ஸ் சாலையில் நிகழ்ந்த கலவரத்தின் பின்னர் அவர்கள் பெரிதும் ஒழுங்குமுறைக்குரிய கூட்டமாகவே பேசப்பட்டனர். அவ்வட்டாரப் பொருளாதாரத்தின் பங்காளிகளாகப் பேசப்பட்டது அரிது. 'நம் சமூகம்' என்று நாம் கூறும்போது இவர்களை உள்ளடக்குகிறோமா என்பது நாம் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டிய வினா.

முடிவுரை

புரூட்வேல் முறையைச் சிங்கப்பூரில் அப்படியே நட இயலாது. நில உடைமையும் வீடமைப்பும் இங்கு முற்றிலும் வேறானவை. ஆனால் அவ்வொப்பீடு ஒரு தெளிவைத் தருகிறது. இங்கு மேம்பாடு பெறுவோர் ஓரிடத்திலும், மரபின் அடையாளம் வேறோரிடத்திலும், அவ்வடையாளத்தை உயிர்ப்புடன் வைத்திருப்போர் மற்றோர் இடத்திலும் உள்ளனர். சிறு வணிகர்க்கு நீண்டகாலக் குத்தகை, கூட்டுறவு முறையில் கடையுடைமை, வட்டார முடிவுகளில் தொழிலாளர்க்கும் ஒரு குரல் ஆகியன குறித்தேனும் ஆய்வுலகம் பேசத் தொடங்க வேண்டும்.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது, வெளியே வந்தபின் அத்தெருவிலேயே மூன்று வினாக்களைக் கேட்கச் செய்யலாம்: இக்கடை யாருக்கு உரியது? இங்கு யார் வாழ்கிறார்? இங்கு யார் வந்து போகிறார்? இம்மூன்று வினாக்களுக்கும் ஒரே விடை கிடைக்காத வரையில், 'சமூக மேம்பாடு' என்னும் சொல்லை நாம் சற்றுத் தயக்கத்துடன் கையாள்வதே முறையாகும்.