பினாங்கில் உணவகம்: வாங்கிய பெயரா, வளர்த்த பெயரா?

ஜார்ஜ் டவுனில் சாப்பாட்டுத் தொழிலில் இறங்க நினைக்கும் நம் இளைஞர்கள் முன் இரண்டு வழிகள் உண்டு. பெயர்பெற்ற துரித உணவு நிறுவனத்தின் பிரான்சைஸை எடுப்பது ஒன்று. சொந்தப் பெயரில் கடை திறப்பது மற்றொன்று. முன்னது பாதுகாப்பானது, பின்னது சூதாட்டம் என்பது பரவலான எண்ணம். இந்த ஊரில் அது பாதிதான் உண்மை.

பிரான்சைஸ் எடுப்பவர் வாங்குவது ஒரு வேலைமுறையை. எண்ணெயின் சூடு முதல் இறைச்சியின் எடை வரை எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். புதிதாக வந்த ஊழியரும் சில நாளில் தேறிவிடுவார். 1981இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய மேரிபிரவுன் துரித உணவு நிறுவனம் கடல் கடந்து சென்னை வரை கிளை பரப்பியது இந்த ஒழுங்கினால்தான். சட்டமும் துணை நிற்கிறது. மலேசியாவின் 1998ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டப்படி, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குப் பத்து நாளாவது முன்னதாக விவர ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டுக்குக் குறையக் கூடாது. மனம் மாறினால் விலகிக்கொள்ளக் குறைந்தது ஏழு வேலை நாள் அவகாசமும் உண்டு. தனிக்கடை போடுபவருக்கு இத்தகைய அரண் எதுவும் இல்லை.

ஆனால் அதே சட்டம் கையையும் கட்டுகிறது. ஒப்பந்தம் முடிந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு அதே போன்ற தொழிலை நடத்தக் கூடாது. உரிமைத் தொகை பெரும்பாலும் விற்பனையைப் பார்த்து வசூலிக்கப்படுவதால், லாபமில்லாத மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, பெயர் பிறர் கையில் இருப்பது. காஸா போரையொட்டி 2023 இறுதியில் எழுந்த புறக்கணிப்பில், மலேசியாவில் அமெரிக்கப் பெயர் தாங்கிய கடைகள் வாடிக்கையாளரை இழந்தன. அவற்றை நடத்தியவை உள்ளூர் நிறுவனங்கள். வேலை செய்தவர்கள் உள்ளூர் மக்கள். எங்கோ எடுக்கப்படும் முடிவுக்கும் எழும் கோபத்துக்கும் இங்கே கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் விலை கொடுக்கிறார்.

தனிக்கடையின் வலிமைக்குக் கேம்பல் சாலையே சாட்சி. 1907இல் தொடங்கிய ஹமீதியா இன்றும் அங்கே நாசி கண்டார் பரிமாறுகிறது. துறைமுகத் தொழிலாளர்களுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி கட்டிச் சுமந்து விற்ற சோறு அது. ‘பஞ்சிர்’ என்று கேட்டால் நாலைந்து குழம்புகளை அளவறிந்து கலந்து ஊற்றும் கைப்பக்குவத்தை எந்தக் கையேடும் விற்க முடியாது. அந்த ருசிக்காகவே கோலாலம்பூரிலிருந்து வண்டி ஓட்டி வருகிறார்கள். இங்கே சாப்பாடே ஊரின் புகழ். அதில் சொந்தப் பெயருக்கு மதிப்பு கூடுதல்.

எனினும் நம் கடைகளின் குறைகளை மூடி மறைப்பதில் பயனில்லை. பக்குவம் சமையல்காரர் ஒருவரின் கையில் மட்டும் இருக்கும். அவர் போனால் ருசியும் போய்விடும். கல்லாப் பணமும் வீட்டுப் பணமும் ஒன்றாகக் கலந்திருக்கும். வாடகை வாய்ப்பேச்சில் நிற்கும். வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்தபோதும், 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்து நகரின் மதிப்பு கூடியபோதும், எழுத்தில் ஒப்பந்தமில்லாத வாடகைதாரருக்குப் பிடிமானம் இல்லாமல் போனது. மாதம் 1,700 ரிங்கிட் என்ற குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் நடப்புக்கு வந்துவிட்டது. மசாலா அரைப்பது முதல் எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படும் அடுப்பங்கரையில் அந்தச் சுமை அதிகம்.

ஆக, தனிக்கடைகளைச் சாய்ப்பவை பெரும்பாலும் ருசிக்கு வெளியே உள்ள காரணங்கள். பிரான்சைஸின் பலமும் ருசிக்கு வெளியேதான் இருக்கிறது. கணக்கு, அளவு, எழுத்து என்ற அந்த ஒழுங்கைப் பெருந்தொகை கொடுத்து வாங்கத் தேவையில்லை. துரித உணவுக் கடையில் ஓராண்டு வேலை பார்த்து, சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். சமையலில் நாட்டமே இல்லாமல் முதலீட்டுக்கு வழி தேடுபவர் பிரான்சைஸை எடுக்கட்டும். கையில் பக்குவம் உள்ளவர், குறிப்பை எழுதி வைத்து, வாடகையைப் பல ஆண்டுக்கு ஒப்பந்தமாக்கி, அன்றாடக் கணக்கைத் தனியே வைத்துச் சொந்தப் பெயரில் கடை திறக்க வேண்டும். ஜார்ஜ் டவுனில் அதுவே சரியான முடிவு.