எப்ளியின் தலை திருப்பும் சிகிச்சை: ஒரு மதிப்பீடு

படுக்கையில் ஒரு பக்கமாகப் புரண்டால் அறையே சுழல்கிறது. ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடுகிறது. பரணைப் பார்க்க அண்ணாந்தால் மீண்டும் அதே சுழற்சி. தலையின் நிலை மாறும்போது வரும் இந்தத் தலைச்சுற்றலை 1921-இல் ராபர்ட் பாரனி விவரித்தார். செவியின் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர் அவர். 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் ஆகிய இருவர் இதைக் கண்டறியும் சோதனையை வகுத்தனர்.

அமெரிக்காவின் போர்ட்லந்து நகரைச் சேர்ந்த செவி மருத்துவர் ஜான் எப்ளி, தலையை வரிசையாகத் திருப்பியே இந்நோயைக் குணமாக்கலாம் என்று 1980-இல் மருத்துவர்களிடம் செய்து காட்டினார். பலர் நம்பவில்லை. சிகிச்சையை விரிவாக விளக்கும் அவரது கட்டுரை வெளிவந்தது 1992-இல்தான். அதன் நிறைகுறைகளை இயற்பியல் நோக்கில் ஆராய்வோம்.

ஒவ்வொரு உட்செவியிலும் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவை யூட்ரிக்கிள் என்னும் சிறு பையில் திறக்கின்றன. அப்பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியுள்ளன. அவற்றுள் சில கழன்று குழலுக்குள் புகுவதே நோயின் காரணம். குழலின் ஒரு முனையைக் கூப்புலா என்னும் கூழ் போன்ற திரை அடைத்திருக்கிறது. தலை திரும்பும்போது நீர்மம் பின்தங்கித் திரையை வளைக்கும். அந்த வளைவையே மூளை சுழற்சியாக உணர்கிறது.

துகள்கள் எங்கே இருக்கின்றன என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. இறந்தவர்களின் செவி எலும்பை ஆராய்ந்த ஷூக்னெக்ட், அவை திரையிலேயே ஒட்டிக்கொள்கின்றன என்று 1969-இல் கூறினார். அவர் கண்ட படிவு உண்மையே. ஆனால் கனத்த திரை, தலை அதே நிலையில் இருக்கும்வரை வளைந்தே இருக்க வேண்டும். அப்படியானால் தலைச்சுற்றலும் நீடிக்க வேண்டுமல்லவா? பெரும்பாலான நோயாளிகளுக்கு அது ஒரு நிமிடத்திற்குள் நின்றுவிடுகிறது. துகள்கள் நீர்மத்தில் தளர்வாக இருந்தாலோ, விழும்போது மட்டும் நீர்மத்தை இழுக்கும். அடியைத் தொட்டதும் இழுப்பு நிற்கும். எப்ளி நம்பியது இதைத்தான்.

கணக்கு என்ன சொல்கிறது? துகளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம், நீர்மத்தின் அடர்த்தி தண்ணீரை ஒத்தது. ஸ்டோக்ஸ் விதிப்படி 10 மைக்ரான் விட்டமுள்ள துகள் நொடிக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் இறங்கும். 15 மைக்ரான் துகளின் வேகம் அதைப்போல் இருமடங்குக்குச் சற்று மேல். குழல் வட்டத்தின் ஆரம் சுமார் 3 மில்லிமீட்டர். ஆகவே கால் வட்டத் தூரம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். அதைக் கடக்கச் சுமார் 25 முதல் 50 நொடி ஆகும். தோராயக் கணக்குத்தான். ஆயினும் தலைச்சுற்றல் நீடிக்கும் நேரத்தோடு அது ஒத்துப்போவதைக் கவனியுங்கள்.

சிகிச்சையும் இதையே பின்பற்றுகிறது. வலச்செவியின் பின்குழலில் நோய் என்று கொள்வோம். தலையை வலப்புறம் 45 பாகை திருப்பி, கட்டிலின் விளிம்புக்கு அப்பால் தலை சற்றே தொங்கும்படி மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். பிறகு தலையை இடப்புறம் 90 பாகை திருப்புகிறார்கள். அடுத்து உடலோடு சேர்த்து இன்னும் 90 பாகை புரட்ட, முகம் தரையை நோக்கும். கடைசியில் எழுந்து உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். துகள் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். திரை அடைத்த முனை வழியே துகள் வெளியேற இயலாது. ஆதலால் சுற்றிவந்து மறுமுனை வழியாகப் பையில் விழச் செய்கிறார்கள். 1992-இல் பார்ன்ஸ், மக்ளூர் இருவரும் அறுவையின்போது குழலுக்குள் மிதக்கும் துகள்களை நேரில் கண்டதாக அறிவித்தனர்.

இனிக் குறைகள். எப்ளி கட்டுரையில் கூறியவர்கள் 30 பேர். அனைவருக்கும் தலைச்சுற்றல் நின்றது என்கிறார். ஆனால் இந்நோய் பலருக்குத் தானாகவே தீர்ந்துவிடும். சிகிச்சை பெறாத ஒரு குழுவோடு ஒப்பிடாமல் எவ்வளவு பங்கு சிகிச்சைக்கு உரியது என்று எப்படிச் சொல்வது? விளக்கம் அழகாயிருப்பது நிரூபணம் ஆகாது. செவிக்குப் பின்னால் அதிர்வுக் கருவி வைப்பதையும், பிறகு இரு நாட்கள் நிமிர்ந்தே உறங்குவதையும் அவர் சேர்த்திருந்தார். இவை பெரும் பயன் தரவில்லை என்று பின்னர் தெரிந்தது. சிகிச்சைக்குப்பின் இத்தகைய கட்டுப்பாடுகள் வேண்டாம் என்கிறது அமெரிக்கச் செவி மருத்துவர் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி. எனினும் 1995 முதல் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் சிகிச்சையின் மையக் கருத்தை உறுதி செய்தன.

எதிர்த்தவர்களின் தவறு வேறு வகை. ஒப்பீடு கேட்டது நியாயமே. எளிது என்பதாலேயே ஏளனம் செய்தது நியாயமன்று. அக்காலத்தில் நோய் தீராதவர்களுக்குச் செவி நரம்பின் கிளையை வெட்டும் அறுவை கூட நடந்தது. கேசக் 1974-இல் அறிவித்த அதில் கேட்கும் திறனை இழக்கும் ஆபத்து உண்டு. சில நிமிடத் தலைத் திருப்பலைச் சோதித்துப் பார்க்கத் தயங்கியதன் விலையை நோயாளிகளே கொடுத்தனர்.

இன்று இந்த அசைவுகளைப் படத்தில் பார்த்துத் தாமே செய்பவர்கள் உண்டு. எந்தச் செவி, எந்தக் குழல் என்று சோதனையில் அறியாமல் செய்வது வீண். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் வலுவின்மை ஆகியவற்றோடு வரும் தலைச்சுற்றல் மூளையின் இரத்தக் குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். அப்போது தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எப்ளியின் கட்டுரை குறையற்றதன்று. ஆயினும், மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் புவியீர்ப்பையும் பாகுநிலையையும் கொண்டே ஒரு நோயைத் தீர்க்க முடியும் என்று காட்டியது. அதன் பெருமை இதில்தான் இருக்கிறது.