படைப்பேட்டில் தமிழெழுத்து

வரைகலை பயில விழையும் மாணவர் கல்லூரிக்குத் தேர்வுச் சான்றிதழை மட்டும் கொண்டு செல்வதில்லை. தாம் செய்த வேலைகளைத் தொகுத்த ஏடொன்றையும் கொண்டு செல்கின்றனர். போர்ட்ஃபோலியோ எனப்படும் அதனை ஈண்டுப் படைப்பேடு என வழங்குவோம். சிங்கப்பூரில் 1938-இல் தோன்றிய நன்யாங் நுண்கலைக் கழகம், 1984-இல் தோன்றிய லசால் கலைக் கல்லூரி முதலியவற்றில் சேர விரும்புவோர்க்கு மதிப்பெண்ணைப் போலவே இவ்வேடும் இன்றியமையாதது.

தமிழ்ப்பள்ளியில் பயின்று, இடைநிலைக் கல்வியை முடித்த மாணவர் தொகுத்த ஏடுகள் சில என் பார்வைக்கு வந்ததுண்டு. திறமைக்கு அவற்றில் குறைவில்லை. நடிகர் முகத்தை மயிரிழை பிசகாமல் கரிக்கோலால் தீட்டியிருப்பர். ஆயின், நிழற்படத்தைப் பார்த்து எழுதிய படம் கையின் பயிற்சியைக் காட்டுமேயன்றிச் சிந்தனையைக் காட்டாது. நாற்பது வேலைகளை அடுக்குவோரும் உளர். தேர்ந்த பன்னிரண்டு போதும் என்பேன். தள்ளத் தெரியாதவர் வரைகலைஞர் ஆதல் அரிது. குழுவாகச் செய்த வேலையாயின், தம் பங்கு எது எனக் குறித்தல் நேர்மை. செயற்கை நுண்ணறிவு தந்த படத்தைத் தம் வரைவெனச் சேர்த்தல் நேர்மையன்று. அதனைப் பற்றி மிகுதியாகப் பேச வேண்டுவதில்லை.

என்னை வருத்துவது வேறொன்று. ஆறாண்டு தமிழில் பயின்ற மாணவரின் ஏட்டிலும் ஒரு தமிழெழுத்தைக் காண்பது அருமையாக உள்ளது. காரணம் கேட்டால், “பார்ப்பவர்க்குத் தமிழ் தெரியாதே, ஐயா” என்கின்றனர். பெற்றோரும் இதனை ஆமோதிக்கின்றனர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. தேர்வாளர் ஏட்டைப் படித்துச் சுவைக்க வரவில்லை. சிக்கலை மாணவர் எவ்வாறு அவிழ்த்தார் என்று காண வருகின்றனர். பொருளை விளக்க மலாயிலோ ஆங்கிலத்திலோ இரு வரிக் குறிப்புப் போதும். நான்கு மொழியும் ஒரே பலகையில் நிற்கும் நாடுகளில் தமிழையும் செம்மையாக அமைக்கவல்லவர் சிலரே; அச்சிலரில் ஒருவராதல் நம் மாணவர்க்கு இழிவாமோ?

எடுத்துக்காட்டாக, வெளியேறும் வழியைக் காட்டும் பலகை ஒன்றை நான்கு மொழியில் அமைப்பதாகக் கொள்வோம். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. மலாயில் ஆறு. சீனத்தில் சதுரமான இரண்டே வரிவடிவம். தமிழிலோ ‘வெளியேறும் வழி’ என இரு சொல். அவையும் அகன்ற எழுத்துகளால் ஆனவை. நான்கையும் ஒரே உயரத்தில் எழுதினால் தமிழ் பலகைக்கு வெளியே ஓடும். ஓடாமலிருக்கக் கணினியில் பக்கவாட்டில் நெருக்குவது வழக்கம். நெருக்கவே நெடுங்கோடு மெலியும். கிடைக்கோடு மட்டும் பழைய தடிப்பில் நிற்கும். எழுத்தின் உடல் கெட்டுவிடும். அளவைச் சுருக்கினாலோ சுழிகள் அடைபடும். மூன்று சுழி ணகரத்திற்கும் இரண்டு சுழி னகரத்திற்கும் வேறுபாடே அச்சுழிகளில்தான் உள்ளது. மெய்யின் புள்ளியும் தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மறையும். இரு வரியாக மடக்கி எழுதலாமெனில், மேல்வரியின் உகரக் கீழ்க்கோடும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்திற்கென வகுத்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது.

இத்தனை இடரையும் மாணவர் எவ்வாறு கடந்தார் என்பதே படைப்பேட்டுக்கு உயிர். முதலில் பிழைத்த வரைவு, அடுத்து மாற்றியது, இறுதியில் நின்றது ஆகியவற்றை அடுத்தடுத்த பக்கங்களில் வைத்தால், கற்றறிந்த தேர்வாளர் ஒரு சொல்லும் படியாமலே மாணவரின் அறிவை அளந்துவிடுவார். நம் மாணவரோ வரைவுகளைக் குப்பையென ஒதுக்கி, மினுமினுக்கும் இறுதிப் படத்தை மட்டும் ஒட்டுகின்றனர். கணக்குத் தேர்வில் விடையை மட்டும் எழுதி, வழியை எழுதாமல் விடும் பழக்கத்தை நாம் திருத்துகிறோமல்லவா? இதுவும் அத்தகையதே.

பயிற்சிக்குப் பொருளில்லை எனல் ஆகாது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’, 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகியவற்றின் தலைப்பெழுத்துகளை ஆண்டுவாரியாக ஒப்பிடுவதே நல்லதோர் ஆய்வாகும். ‘தமிழ் முரசி’ன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் காணலாம். பழைய ஏடுகளில் துதிக்கைபோல் வளைந்த ஐகாரக் குறியோடு லை, னை முதலியன வரும். தமிழக அரசு 1978-இல் ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய வடிவம் அது. பழமைச் சாயலுக்காக அதனைக் கையாளும் மாணவர், ஒரே சொல்லில் பழையதையும் புதியதையும் கலந்துவிடலாகாது.

ஆசிரியர் செய்யத்தக்கதும் உண்டு. தீபாவளி அட்டையில் ‘வாழ்த்துகள்’ என்பதில் ஒற்று மிகாமை குறித்து மணிக்கணக்கில் வாதிடும் நாம், அச்சொல் எந்த வடிவில் நிற்கிறது என்று நோக்குவதில்லை. தமிழுக்குரிய அமைப்பைத் தெரிவு செய்யாத மென்பொருளில் ‘கெ’ என்பதன் கொம்பு ககரத்தின் பின்னே போய் நிற்கும். தமிழறியாத தேர்வாளர் அதனைக் காணார், ஆசிரியர்தாம் காணவேண்டும். இறுதி ஏட்டைப் பிடிஎஃப் கோப்பாக்கும்போது எழுத்துரு உட்பொதியப் பெற்றதா என்றும் பார்க்கவேண்டும். இல்லையேல் மாணவர் வீட்டில் அழகாயிருந்த தமிழ், கல்லூரிக் கணினியில் வெறும் கட்டங்களாகத் தோன்றக்கூடும்.