மெஃபிஸ்டோவின் அகழி

‘ஆட்டக்காரரின் நேரத்துக்கு மரியாதை’ என்றொரு சொற்றொடர் சில ஆண்டுகளாகக் கணினி விளையாட்டு விமர்சனத்தில் மந்திரம்போல் ஓதப்படுகிறது. ஆக்‌ஷன் ஆர்பிஜி வகையைப் பொறுத்தவரை அதன் பொருள் இவ்வளவுதான்: லெவல் சடசடவென்று ஏற வேண்டும், லூட் கொட்ட வேண்டும், கதை குறுக்கே நிற்கக் கூடாது. ‘உண்மையான ஆட்டம்’ கடைசி லெவலில்தான் தொடங்குகிறதாம். அதுவரை உள்ளதெல்லாம் சுங்கச்சாவடி. புது சீசன் தொடங்கிய இரவே உச்ச லெவலைத் தொட்டவர் மெச்சுகிறார், ஒரு வாரம் ஆனவர் திட்டுகிறார், விமர்சகர் இரண்டையும் கூட்டிக் கழித்து மதிப்பெண் போடுகிறார்.

எனக்கு வேகத்தின்மேல் பகையில்லை. இந்த வகையின் வரலாறே குறுக்குவழிகளின் வரலாறுதான். அந்தக் குறுக்குவழியை வெட்டியவர் யார் என்பதில்தான் என் வழக்கு.

1980-இன் ரோக் ஆட்டத்தை எல்லோரும் குலதெய்வமாகக் கும்பிடுகிறார்கள். நாமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகரலாம். நம் விஷயத்துக்கு நெருங்கிய சொந்தம், 1983-இல் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கோனகே எழுதிய மோரியாவும், அதன் வழியில் 1990-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆங்பேண்டும். மேலே ஊர், கீழே பாதாளம். படியேறி இறங்கினால் அந்தத் தளம் புதிதாகப் பிறந்துவிடும். இதைக் கவனித்தவர்கள் படியைவிட்டு அதிகம் நகராமல், ஏறி இறங்கிக்கொண்டே நல்ல பொருள் கிடக்கும் தளத்துக்காகக் காத்திருந்தார்கள். இன்று ஃபார்மிங் என்கிறோமே, அதன் முதல் விதைப்பு இதுதான். செய்தவர்களுக்கே அதில் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்க வேண்டும். ‘ஸ்கம்மிங்’ என்று அதற்கு அவர்கள் வைத்த பெயரிலேயே அழுக்கு வாடை அடிக்கிறது.

அந்த இரண்டிலும் ஊறியவர் டேவிட் பிரெவிக். அவருடைய டயப்லோ முதலில் முறைவைத்து நகரும் ஆட்டமாகத்தான் திட்டமிடப்பட்டது. பிளிசார்ட் நிறுவனம் வற்புறுத்த, ஒரே பிற்பகலில் அதை நிகழ்நேர ஆட்டமாக மாற்றிக் காட்டினார் என்பது இந்த வகையின் புராணம். 1996 கடைசியில் வெளிவந்த அந்த ஆட்டத்தைப் பற்றித் தேவைக்கு மேலேயே எழுதியாயிற்று. அதில் பாதாளம் இருந்தது, பயம் இருந்தது; ஃபார்மிங் ஒரு கலையாக இன்னும் தேறவில்லை.

தேறியது டயப்லோ 2-இல். 2000 ஜூன் 29-இல் ஆட்டம், அடுத்த ஆண்டு லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் விரிவாக்கம்.

மூன்றாம் அங்கத்தின் முடிவில், வெறுப்பின் அதிபதி மெஃபிஸ்டோ குடியிருக்கும் தளம். நடுவில் குருதி தேங்கிய அகழி. மெஃபிஸ்டோவுக்குக் கிட்டே வந்து அடிக்க ஆசை. அகழியைத் தாண்டத் தெரியாது. சோர்சரஸ் அவனை ஓரத்துக்கு இழுத்துவிட்டு, டெலிபோர்ட்டில் அக்கரைக்குத் தாவி நின்று, பனிப்பொழிவை அவன் தலைமேல் இறக்குவாள். கரையோரம் நின்றபடியே சாவான். பொருள்கள் சிதறும், பொறுக்கிக்கொண்டு ஆட்டத்தைவிட்டு வெளியேறி மறுபடி நுழைந்தால் அவன் உயிரோடு இருப்பான். இதுதான் மெஃபிஸ்டோ ரன்.

இதைத் தனியாளாக ஆடியவர்களுக்கு இன்னொரு நுணுக்கமும் தெரியும். தனியாள் ஆட்டத்தில் வரைபடம் கலைவதில்லை. எத்தனை முறை வெளியேறி வந்தாலும் இரண்டாம் தளத்தின் வேபாயிண்ட்டும் மூன்றாம் தளத்துக்கு இறங்கும் படியும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த வரைபடம் ஒரு சொத்து. அமையாவிட்டால் வேறொரு கடின நிலைக்குள் காலை வைத்துவிட்டுத் திரும்பினால் வரைபடம் புதிதாக விழும். கல்லூரி நாட்களில் நானும் அறைத்தோழனும் ஒரு ஞாயிறு முழுக்க மெஃபிஸ்டோவைக் கொல்லாமல் வரைபடத்தை மட்டுமே கலைத்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் வேபாயிண்ட்டிலிருந்து இரண்டே டெலிபோர்ட்டில் படி வந்தது. அதன்பின் ஒரு செமஸ்டர் முழுக்க அந்த வரைபடம் எங்களுடையது. கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்தைந்து கோடாக ரன்களை எண்ணி வைத்தோம். என்ன கிடைத்தது என்று எழுதிய பத்தி அவ்வளவு நிறையவில்லை.

வேகம் என்பது பலம் மட்டுமல்ல என்று கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. ஸ்டோன் ஆஃப் ஜோர்டன் மோதிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கம் செல்லாக்காசாகிவிட்ட அன்றைய பேட்டில்நெட் சந்தையில் இந்த மோதிரம்தான் நாணயமாக இருந்தது. இது வேண்டுமென்றால் கடைசி நிலையான ஹெல்லில் அல்ல, நடு நிலையான நைட்மேரில் முதல் அங்கத்துத் தலைவி ஆண்டாரியலைத்தான் கொல்ல வேண்டும். காரணம், பலமான அரக்கர்களிடமிருந்து விழத் தகுதியான யுனிக் மோதிரங்கள் பல. அவற்றோடு இதுவும் போட்டிபோட வேண்டும். நைட்மேர் ஆண்டாரியலின் லெவலுக்கு மற்ற உயர்ந்த மோதிரங்கள் எட்டாது, களத்தில் மூன்றே மோதிரங்கள். எதிரி எளியவள், பரிசோ பெரிது. பொருள்கள் விழும் அட்டவணையைக் குடைந்து படித்தவர்களுக்கே இது பிடிபட்டது. மேஜிக் ஃபைண்ட் கணக்கும் அப்படியே. உடம்பெல்லாம் அந்தக் குணமுள்ள உடைமைகளைக் கட்டிக்கொண்டு 250 சதவீதம் சேர்த்தால், யுனிக் பொருள்களுக்கு அதில் 125-தான் பலிக்கும். மேலே போகப் போக இன்னும் தேயும். பேராசைக்காரன் அடிக்கும் பலத்தை இழந்து, ஒரு ரன் முடிக்கும் நேரத்தில் நிதானக்காரன் இரண்டு முடித்துவிடுவான்.

லெவல் ஏற்றுவதும் இதே பள்ளிக்கூடம். டிரிஸ்ட்ராம் ரன், கல்லறை ரன், மாட்டு ரன், பால் என்ற தலைவனின் பெயரால் பால் ரன் என்று ஒவ்வொரு லெவலுக்கும் ஆட்டக்காரர்களே ஒரு சாலை போட்டுவைத்திருந்தார்கள். தனியாளாக ஆடுபவர் ‘பிளேயர்ஸ் 8’ என்று தட்டினால் அரக்கர்களின் உயிர் நாலரை மடங்காகும், அனுபவப் புள்ளிகளும் அதே அளவு பெருகும். உயிரை எடுக்கும் தெம்பு உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரகசிய மாட்டுத் தளமோ முதலாம் டயப்லோவில் ஊர் மாட்டைத் தொடர்ந்து சொடுக்கினால் ஏதோ திறக்கும் என்று ஆட்டக்காரர்கள் கிளப்பிய வதந்தியின் குழந்தை. இரண்டாம் பாகத்தில் பிளிசார்ட் நார்த் அந்த வதந்தியை நிஜமாக்கியது. விர்ட்டின் மரக்காலையும் டவுன் போர்ட்டல் புத்தகத்தையும் ஹொராட்ரிக் பெட்டியில் போட்டால் வாசல் திறக்கும். நெடுங்காலம் அதில் ஒரு கண்ணியும் இருந்தது: மாட்டரசனைக் கொன்றவருக்கு அந்த நிலையில் வாசல் மறுபடி திறக்காது. எனவே மந்தையை வெட்டிக் குவித்துக்கொண்டே அரசன்மேல் அடி படாமல் ஒதுங்கும் விசித்திர நாகரிகம் ஒன்று உருவாயிற்று. தெரியாமல் கொன்ற புதியவர் வாங்கிய வசவு தனி இலக்கியம்.

99 என்ற உச்ச லெவல் இருந்தது. அதற்கு 352 கோடிக்கு மேல் அனுபவப் புள்ளிகள். 98-ஆம் லெவலில் ஓர் அரக்கனுக்கு உரிய புள்ளியில் நூற்றில் ஒரு பங்குகூடக் கையில் சேராது. கிட்டத்தட்ட யாரும் போகவில்லை, போகாததால் யாருக்கும் குறையும் இல்லை. ஆட்டம் எங்கே ‘தொடங்குகிறது’ என்று அன்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

அந்தக் காலத்தை நான் பொற்காலமாக்கவில்லை. பொருள்களை நகலெடுத்துச் சந்தையைக் கெடுத்தார்கள். பிண்டில்ஸ்கின் என்ற ஓர் அரக்கனை மட்டும் இரவு பகலாகக் கொல்ல நிரல் எழுதிவிட்டுத் தூங்கப் போனார்கள். ஆனால் அகழியை யாரும் தூர்க்கவில்லை. தலைவன் ஒருவன் தண்ணீரைக் கண்டு நிற்கும் அசட்டுத்தனம் தெரிந்தும் ஆட்டத்தைப் படைத்தவர்கள் அதை விட்டுவைத்தார்கள். 2021-இல் வந்த ரிசரக்டட் மறுபதிப்பிலும் அவன் அதே கரையோரம்தான் வந்து நிற்கிறான்.

டயப்லோ 3 (2012 மே 15) வந்ததும் மனப்பான்மையே மாறிற்று. இன்ஃபெர்னோ நிலையில் அடி தாங்காத ஆட்டக்காரர்கள் அரக்கர்களைச் சுற்றிக்கொண்டு ஓடிப் பானைகளையும் சாடிகளையும் மட்டும் உடைத்துப் பொருள் சேர்த்தார்கள். மோரியாவின் படிக்கட்டுப் பரம்பரையில் வந்த அருமையான அற்பத்தனம் அது. அடுத்த மாதத் திருத்தத்திலேயே பானைகள் வற்றிப்போயின. அதே ஜூனில் நிஜப் பணத்துக்குப் பொருள் விற்கும் ஏலக்கூடம் திறக்கப்பட்டது. ஆயுதமோ கவசமோ ஒன்று விற்றால் ஒரு டாலர் கம்பெனிக்கு. சொந்தமாகக் கண்டுபிடித்த வழி அடைபட்டு, காசு கொடுத்து வாங்கும் வழி ராஜபாட்டையாகத் திறந்த அந்த மாதத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஏலக்கூடம் ஆட்டத்தைக் கெடுத்தது என்று அதன் இயக்குநராக இருந்த ஜே வில்சனே அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டார். 2014 மார்ச் 18-இல் அது மூடப்பட்டது.

மூடியது சரி, பரிகாரம்தான் விபரீதம். லூட் 2.0 என்ற சீர்திருத்தம் உங்கள் வகுப்புக்கு ஏற்ற பொருளையே உங்கள் காலடியில் போட்டது. ரீப்பர் ஆஃப் சோல்ஸ் விரிவாக்கத்தை ஒட்டி வந்த அதே திருத்தம் பாரகான் லெவல்களுக்கு முடிவே இல்லாமல் செய்தது. பின்னால் வந்த சீசன்களில், சில இலக்குகளை முடித்தவருக்கு முழு செட் ஒன்றை ஹேட்ரிக்கின் பரிசு என்ற பெயரில் கட்டிக்கொடுத்தார்கள். பல லட்சம் பேர் மகிழ்ந்து ஆடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் கிரேட்டர் ரிஃப்ட்டை ஆயிரம் முறை ஓடியவரிடம் ‘அந்தப் பொருள் எப்படிக் கிடைத்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல ஒரு கதை இருக்காது. சம்பளம் வந்த தேதியைப் பற்றிக் கதை சொல்பவர் யார்?

இதே ஆண்டுகளில் ஆக்லாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் எதிர்த்திசையில் நடந்தது. 2013-இல் முழுமையாக வெளிவந்த பாத் ஆஃப் எக்ஸைலில் 2024 வரை தங்கம் கிடையாது. செலாவணி எல்லாம் உருண்டைகள், ஒவ்வோர் உருண்டைக்கும் ஒரு வேலை. கடைக்காரர் என்னென்ன சேர்க்கைக்கு என்ன தருவார் என்று ஆட்டத்தில் எங்கும் எழுதி வைக்கவில்லை. தலை முதல் கால் வரை ஒரு முழுத் தொகுதி ரேர் பொருள்களை, குறிப்பிட்ட லெவல் வரம்புக்குள், ஒன்றின் குணத்தையும் திறந்து பார்க்காமல் விற்றால் இரண்டு கேயாஸ் உருண்டை. திறந்து பார்த்துவிட்டால் ஒன்று. எத்தனை அழகான பேரம்! ஆர்வத்தை அடக்கினால் கூலி இரட்டிப்பு. செத்தால் பத்து சதவீத அனுபவம் பறிபோகும் என்ற விதி உயர் லெவல்களை ஒரு கயிற்று நடையாகவே வைத்திருந்தது.

ஆனால் அங்கேயும் அகழி தூர்ந்தது, தூர்த்தவர்கள் ஆட்டக்காரர்களே. விலைப்பட்டியல், லூட் ஃபில்டர், மணிக்கு எத்தனை உருண்டை என்ற கணக்கு எல்லாம் சேர்ந்து, கீழே விழும் பொருளைக் கண்ணால் பார்க்கும் அவசியத்தையே ஒழித்துவிட்டன. விற்பனையில் கொஞ்சம் சிரமம் இருக்கத்தான் வேண்டும் என்று நிறுவனம் 2017-இல் அறிக்கை விட்டு வாதாடியது. 2024-இல் செலாவணிச் சந்தையை உள்ளேயே கட்டிக்கொடுத்து அந்த வாதத்தில் பாதியை விட்டுக்கொடுத்தது. எஞ்சிய ரோஷக்காரர்கள் யாரோடும் வாங்காமல் விற்காமல் ஆடும் தனிப்பிரிவில் ஒதுங்கியிருக்கிறார்கள். இந்த வகையின் மனசாட்சி இப்போது அந்தச் சிறுபான்மையிடம்தான் இருக்கிறது என்பேன்.

டயப்லோ 4-இல் (2023) இந்த முரண் கேலிக்கூத்தாயிற்று. முன்கூட்டியே நுழைந்தவர்கள் சாம்பியன்ஸ் டிமைஸ் என்ற நிலவறையில் எலீட் அரக்கர்கள் நெருக்கமாக நிற்பதைக் கண்டு அங்கேயே சுற்றிச் சுற்றி லெவல் ஏற்றினார்கள். சில நாட்களுக்குள் ஒரு திருத்தத்தால் அந்த அரக்கர் கூட்டம் மெலிந்தது. ஜூலையில் வந்த திருத்தம் அனுபவப் புள்ளிகளிலும் கைவைக்க, கூச்சல் எழுந்தது. இப்படியொரு திருத்தம் இனி வராது என்று நிறுவனம் பொதுவில் உறுதி சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு தாராளம். 2024 அக்டோபரில் வெசல் ஆஃப் ஹேட்ரட் வந்தபோது உச்ச லெவலே 100-இலிருந்து 60-க்கு இறங்கியது. ஆட்டக்காரர் எடுத்துக்கொண்டால் குற்றம், கம்பெனி கொடுத்தால் மரியாதை.

பேசப்படாத ஒரு பெயரை இங்கே சொல்ல வேண்டும்: கிரிம் டான். கிரேட் என்டர்டெயின்மென்ட் என்ற சிறு குழு 2016-இல் முடித்த ஆட்டம். அதற்குச் சந்தையும் இல்லை, சீசன் திருவிழாவும் இல்லை. அதன் விரிவாக்கத்தில் லோக்கார் என்றொரு மறைவான எதிரி. அவனிடமிருந்து கிடைக்கும் உடைமைகளை அணிந்தால் அனுபவம் கூடுதலாகச் சேரும். தேறிய பாத்திரம் போய் அதைச் சேர்த்துப் பொதுப்பெட்டியில் வைக்கும். அடுத்துப் பிறக்கும் பாத்திரம் எடுத்துப் போட்டுக்கொண்டு விரைந்து வளரும். அண்ணன் சட்டை தம்பிக்கு. இதிலும் வேகம்தான், ஆனால் அது வீட்டுச் சம்பாத்தியம்.

2024 பிப்ரவரியில் முழுமை பெற்ற லாஸ்ட் எபோக் இந்தத் திசையைக் கொள்கையாகவே அறிவித்தது. வாணிகர் கில்டில் சேர்ந்தால் வாங்கலாம் விற்கலாம். சர்க்கிள் ஆஃப் ஃபார்ச்சூனில் சேர்ந்தால் லூட் அதிகம் விழும், ஆனால் அதை யாருக்கும் விற்க முடியாது. அதன் மோனோலித் பகுதியில் அடுத்து எந்த எதிரொலிக் களத்துக்குள் நுழைவது என்பதை அதன் முடிவில் உள்ள பரிசைப் பார்த்தே தேர்ந்துகொள்ளலாம். நல்ல ஏற்பாடு, நாணயமான ஏற்பாடு. எனக்கு ஒரே ஒரு குறை: எல்லாமே வெளிப்படையாக எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. வரைபடத்தை ஞாயிறு முழுக்கக் கலைக்க அங்கே காரணமே இல்லை. கரையோரம் வந்து முழிக்கும் ஓர் அசட்டு அரக்கனை அதற்குள் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.